காசிமேட்டுல காலை அஞ்சரை மணி: டிராவல் போட்டோ நல்லா வரணும்னா என்ன பண்ணணும்?

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் எல்கேஜியிலேருந்து இங்கிலீஷ் மீடியம். அதனால எழுத்துப் பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னைத் திட்டாதீங்க. போட்டோ விஷயத்துல பிழை இருந்தா மட்டும் என்னைத் திட்டலாம்.

ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்க எட்டு பேர் கேமராவைத் தூக்கிட்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். போய்ச் சேரும்போது மணி ஏழே முக்கால். ரெண்டு மணி நேரத்துல 340 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா 339 குப்பை. மிச்சம் ஒண்ணு, மீன் விக்கிற ஒரு அம்மா முகம் சுளிச்சுட்டு உட்கார்ந்திருக்கிற படம். அதைக் கறுப்பு வெள்ளை ஆக்கி, கான்ட்ராஸ்டை ஏத்தி, 'வாழ்க்கைப் போராட்டம்'னு கேப்ஷன் போட்டு இன்ஸ்டாவுல ஏத்தினேன். லைக் எல்லாம் நல்லாவே வந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி கிளாஸ்மேட் ஒருத்தன் மெசேஜ் பண்ணான். "மச்சி, அது எங்க சித்தி. அவங்க போராடிட்டு இல்ல. அரை மணி நேரமா அஞ்சு பேர் மூஞ்சிக்கு நேரா கேமராவை நீட்டிட்டு, ஒரு மீன் கூட வாங்காம நின்னீங்களே, அந்தக் கடுப்புல இருக்காங்க."

படத்தை உடனே எடுத்துட்டேன். மன்னிப்பு கேட்டேன். அவன் ரெண்டு வாரம் என்கூட சரியா பேசல. அப்புறம் அவனே கூப்பிட்டான். "வியாழக்கிழமை வா. அஞ்சு மணிக்கு. கேமரா இருக்கட்டும், பைக்குள்ள இருக்கட்டும்." அதுக்கப்புறம் இந்த ரெண்டு வருஷத்துல இருபது தடவைக்கு மேல போயிருப்பேன். அங்க கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். ஊட்டிக்குப் போனாலும் தனுஷ்கோடிக்குப் போனாலும் இதே கணக்குதான். ஆனா பழகறதுக்கு நம்ம ஊரே போதும், டிக்கெட் செலவு மிச்சம்.

வெளிச்சம்: நமக்கு அரை மணி நேரம்தான்

யூட்யூப்ல எல்லாரும் 'கோல்டன் ஹவர்'னு சொல்வாங்க. சூரியன் தாழ்வா இருக்கும்போது வர்ற மஞ்சள் வெளிச்சம். ஒரு மணி நேரம் இருக்கும்னு நம்பி நிதானமா கிளம்பினா ஏமாந்துடுவீங்க. ஏன்னா அந்த வீடியோ எடுக்கிறவங்கள்ல பல பேர் இருக்கிறது ஐரோப்பாவுலயோ அமெரிக்காவுலயோ.

கணக்கு ரொம்ப சிம்பிள். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்துது. சென்னை இருக்கிறது வடக்கே 13 டிகிரியில. இங்க சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா மேல ஏறும். அடிவானத்துலேருந்து 6 டிகிரி உயரம் வர்றதுக்கு 25லேருந்து 27 நிமிஷம்தான் ஆகும். லண்டன் 51 டிகிரியில இருக்கு. அங்க சூரியன் சாய்ஞ்சு ஏறும். அதே 6 டிகிரிக்கு மார்ச் மாசத்துலயே சுமார் 40 நிமிஷம், ஜூன்ல அதுக்கும் மேல. அவங்க ஒரு மணி நேரம் நமக்கு அரை மணி நேரம்.

சென்னையில மே கடைசியில சூரியன் சுமார் 5:42க்கு உதிக்கும். ஜனவரி கடைசியில சுமார் 6:35. அதுக்கு முன்னாடி இருபது நிமிஷத்துக்கு மேல ஒரு நீல வெளிச்சம் இருக்கும். காசிமேட்டுல எனக்குப் பிடிச்சது அந்த நேரம்தான். மேல வானம் நீலம், கீழ ஏலம் நடக்கிற இடத்துல லைட்டெல்லாம் மஞ்சளா எரியும், ரெண்டும் ஒரே அளவு பிரகாசத்துல இருக்கும். பத்து நிமிஷம் முன்னாடி போனா வானம் கறுப்பு, பத்து நிமிஷம் லேட்டா போனா லைட் இருக்கிறதே தெரியாது.

அப்போ ஏழே முக்காலுக்குப் போன எங்க கதை? கோல்டன் ஹவர் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் போயிருக்கோம். கூரை நிழல் ஒரு பக்கம் கன்னங்கரேல்னு, வெயில் படற தரை ஒரு பக்கம் பளிச்சுனு. எந்தக் கேமராவும் அதைச் சமாளிக்க முடியாது.

லேட்டா போயிட்டீங்களா? அதுக்கும் வழி இருக்கு. வெயில்ல நிக்கிறவங்களை விட்டுட்டு, நிழலோட ஓரத்துல நிக்கிறவங்களை எடுங்க. வெளிச்சம் பக்கவாட்டுல மெதுவா வரும். ஒண்ணே ஒண்ணு கவனிங்க, தலைக்கு மேல நீல தார்பாய் கட்டியிருந்தா முகமெல்லாம் நீலமாயிடும். பிறகு எடிட்ல சரி பண்றது பெரிய தலைவலி. ரெண்டு அடி தள்ளி நின்னு, வெறும் வானம் தெரியற இடத்துல எடுத்தாலே போதும்.

ஐஸ் கட்டி ஏன் சாம்பல் கலர்ல வருது?

சித்திக்கு முதல் தடவை பிரிண்ட் போட்டுக் கொடுத்தப்போ அவங்க சொன்னது இதுதான்: "வஞ்சிரம் சூப்பரா இருக்குப்பா. நான் எங்கப்பா?"

உண்மையாவே முகம் தெரியல. முன்னாடி ஐஸ், மீன், வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. பின்னாடி வானம். நடுவுல அவங்க முகம் மட்டும் இருட்டு.

காரணம், கேமராவுக்கு எது வெள்ளை எது கறுப்புன்னு தெரியாது. ஃபிரேம்ல இருக்கிற எல்லாத்தையும் சேர்த்து சராசரியா பார்த்தா ஒரு நடுத்தர சாம்பல் நிறம் வரணும்னு அது நினைக்குது. அந்தச் சாம்பல் மேல விழற வெளிச்சத்துல சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்னு போட்டோகிராஃபியில ஒரு வழக்கக் கணக்கு. ஐஸும் தெர்மாகோலும் அதைவிட நாலு மடங்கு அனுப்பும். கேமரா "அய்யோ, ஓவர் வெளிச்சம்"னு பயந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிடும். ஐஸ் சாம்பலாயிடும், முகம் கறுத்துடும். நேர் எதிர் கேஸும் உண்டு. தார் பூசின படகுப் பக்கத்தை எடுத்தா, "இருட்டா இருக்கே"ன்னு வெளிச்சத்தை ஏத்தி, கறுப்பை வெளுத்துப் போன சாம்பலாக்கிடும்.

சரி பண்றது ஒரு விரல் வேலை. போன்ல முகத்தைத் தொடுங்க, ஃபோகஸ் அங்க போகும். விரலை எடுக்காம அழுத்திப் பிடிச்சா லாக் ஆகும். பக்கத்துல வர்ற சூரியன் மாதிரி குறியை மேல இழுத்தா வெளிச்சம் கூடும். கேமரான்னா பிளஸ், மைனஸ் போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். ஐஸும் முகமும் சேர்ந்து வந்தா பிளஸ் 1. சூரியனுக்கு எதிரா படகோட உருவம் மட்டும் கறுப்பா வேணும்னா மைனஸ் 1. ஒவ்வொரு 1-ம் வெளிச்சத்தை ரெண்டு மடங்காக்குது, இல்ல பாதியாக்குது. அவ்வளவுதான் மேத்ஸ்.

இதுல நம்ம தோல் நிறத்துக்குன்னு ஒரு வரலாறே இருக்கு. ஃபிலிம் காலத்துல, 1950கள்லேருந்து, கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாங்க. 'ஷெர்லி கார்டு'ன்னு பேரு. அந்த முகம் சரியா வர்ற மாதிரி கலரை செட் பண்ணுவாங்க. நம்மள மாதிரி நிறம் உள்ளவங்க முகம் எப்படி வருதுன்னு ரொம்ப நாள் யாரும் பெருசா கண்டுக்கல. இப்ப போன்ல பிரச்சனை வேற ரூபத்துல இருக்கு. பியூட்டி மோடு போட்டா ஆளை வெளுப்பாக்கி, கன்னத்துச் சுருக்கத்தை எல்லாம் இஸ்திரி போட்டுடுது. கடல் வெயில்ல முப்பது வருஷம் நின்ன ஒருத்தரோட முகத்துல அந்தச் சுருக்கம்தானே எல்லாமே? செட்டிங்ஸுக்குள்ள போய் அதை ஆஃப் பண்ணுங்க. முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கிறது வேற, முகத்தை வெள்ளையாக்கிறது வேற.

நைட் மோடுல பேய் படம்

விடியறதுக்கு முன்னாடியே ஏலம் ஆரம்பிச்சிடும். இருட்டா இருக்கேன்னு நைட் மோடு போட்டீங்கன்னா, படகு பளபளன்னு வரும், மனுஷங்க எல்லாம் புகை மாதிரி வருவாங்க. நைட் மோடு ஒரு படம் எடுக்கறது இல்ல. ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட், சில சமயம் அதுக்கும் மேல, பல படம் எடுத்து ஒட்டுது. அசையாத பொருளுக்கு அது வரம். மீன் கூடையைத் தலையில வச்சுட்டு ஓடறவருக்கு அது சாபம்.

நடக்கிற ஆள் செகண்டுக்கு சுமார் 1.4 மீட்டர் போவார். ஷட்டர் 1/30 செகண்ட் திறந்திருந்தா அந்த நேரத்துல 4.5 சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்திருப்பார், படம் கலங்கிடும். 1/250னா அரை சென்டிமீட்டர் கொஞ்சம் மேல, நம்ம கண்ணுக்கு நின்ன மாதிரி இருக்கும். அதனால போன்ல புரோ மோடு இருந்தா ஷட்டரை 1/250ல வச்சுட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவுல விடுங்க. கொஞ்சம் புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், பரவாயில்ல. புள்ளி வந்த படத்தைப் பார்க்கலாம். கலங்கின படத்தை எதுவும் பண்ண முடியாது.

இருட்டு அதிகமா இருந்தா 1/250ம் வேலைக்கு ஆகாது. அப்போ ஆட்கள் நிக்கிற கணத்துக்குக் காத்திருங்க. ஏலம் கேட்கிறவங்க விலை சொல்றதுக்கு முன்னாடி ஒரு விநாடி அசையாம நிப்பாங்க. கூடையைத் தூக்கிறவர் தூக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுத்து நிப்பார். ரெண்டு மூணு தடவை பார்த்தீங்கன்னா உங்களுக்கே அந்தத் தாளம் பிடிபட்டுடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா என் பாதி படத்தைக் கெடுத்தது இதுதான். லென்ஸைத் துடைங்க. அங்க காத்துல உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும், போனை எடுக்கிற நம்ம விரல்லயும் இருக்கும். லைட்டைச் சுத்தி மூடுபனி மாதிரி வந்தா அது கவிதை இல்ல, அழுக்கு. ஏசி ரூம்லேருந்து நேரா கேமராவைக் கொண்டு வந்தாலும் லென்ஸ்ல ஆவி படியும். கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஏசி இல்லாத இடத்துல பையோட வச்சிடுங்க.

ஜூம் பண்ணாதீங்க, நடங்க

போன்ல விரலால ஜூம் பண்றது, ஒரு அளவுக்கு மேல, படத்தை வெட்டறதுதான். 12 மெகாபிக்சல் படத்தை 10 மடங்கு ஜூம் பண்ணா, நீளத்துல பத்துல ஒரு பங்கு, அகலத்துல பத்துல ஒரு பங்கு. மிச்சம் 0.12 மெகாபிக்சல். மீதியெல்லாம் சாஃப்ட்வேர் தானா ஊகிச்சு நிரப்பறது. தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருக்கிற போன்னா அந்த லென்ஸோட அளவு வரைக்கும் போலாம், அதுக்கு மேல வேண்டாம்.

அதுக்காக முகத்துக்கிட்ட போனை நீட்டவும் கூடாது. 40 சென்டிமீட்டர்ல எடுத்தா மூக்கு காதைவிட ரொம்பக் கிட்டக்க இருக்கு, அதனால மூக்கு உப்பி, காது பின்னாடி ஓடிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னா அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். ஒன்றரை மீட்டர்ங்கறது என்ன தூரம் தெரியுமா? ஒருத்தர்கிட்ட கத்தாம பேசற தூரம். நல்ல முகப் படத்துக்கும் அதே தூரம்தான்.

தெரு ஓரத்துல ஒளிஞ்சு நின்னு ஜூம் பண்ணி எடுத்த படத்தைப் பாருங்க. அதுல இருக்கிறவங்க உங்களைப் பார்க்கல, நீங்களும் அவங்களைச் சரியா பார்க்கல. நான் எடுத்த அந்த 'போராட்டம்' படம் அப்படித்தான். 200 எம்எம் லென்ஸ், ஒரு தூணுக்குப் பின்னாடி.

ஒரே இடத்துல நில்லுங்க

முதல் தடவை துறைமுகத்தை முழுசா ரெண்டு ரவுண்டு சுத்தினேன். இப்பல்லாம் ஒரு இடத்தைப் பிடிச்சுட்டு நாற்பது நிமிஷம் நகர மாட்டேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையா பார்த்துக்கணும். டிராலி வர்ற வழியில, ஐஸ் கொட்டற வழியில, வலை இழுக்கிற வழியில நின்னா திட்டு வாங்குவீங்க, அது நியாயமான திட்டு. அவங்களுக்கு அது ஆஃபீஸ். நம்ம லேப்ல எக்ஸாம் நடக்கும்போது யாராவது வந்து செல்ஃபி எடுத்தா எப்படி இருக்கும்?

நிக்க ஆரம்பிச்சா முதல்ல பின்னணியைப் பாருங்க. பின்னாடி என்ன இருக்கு? மஞ்சள் கலர் பிளாஸ்டிக் கூடை அடுக்கு, பச்சை வலைக் குவியல், விசைப்படகோட முன்பக்கம், எதுவா இருந்தாலும் அது சுத்தமா, குழப்பம் இல்லாம இருக்கணும். தலைக்குப் பின்னாடி கம்பம் முளைச்சிருக்கக் கூடாது. பின்னணி சரியா அமைஞ்சதும் ஆள் வர்றதுக்குக் காத்திருங்க. அங்க ஆளுக்கா பஞ்சம்? நாம ஆளைத் துரத்தினா பின்னணி கெட்டுப் போகும். பின்னணியைப் பிடிச்சுட்டு நின்னா ஆள் தானா வருவார்.

அப்புறம் படத்தை மூணு அடுக்கா யோசிங்க. முன்னாடி ஒரு கூடை சங்கரா, நடுவுல பேரம் பேசற ரெண்டு பேர், பின்னாடி படகும் வானமும். மூணும் ஒண்ணை ஒண்ணு மறைக்காம இருக்கணும்னா கொஞ்சம் குனியணும், இல்ல ஒரு படி மேல ஏறணும். அரை அடி நகர்ந்தா படமே மாறிடும். உயரத்தை மாத்திப் பாருங்க, கீழ உட்கார்ந்து விக்கிறவங்களை நின்னுட்டு மேலேருந்து எடுத்தா அவங்க சின்னதா தெரிவாங்க. நீங்களும் குத்துக்காலிட்டு உட்காருங்க.

எந்த நாள்ல போறதுன்னும் யோசிக்கணும். ஞாயிற்றுக்கிழமை மொத்த சென்னையும் மீன் வாங்க அங்கதான் இருக்கும். கூட்டத்தை எடுக்கணும்னா போங்க, மனுஷங்களை எடுக்கணும்னா வார நாள். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். "அப்ப போய் என்ன எடுக்கிறது?"ன்னு கேட்காதீங்க. அப்பதான் படகுக்கு பெயிண்ட் அடிப்பாங்க, இன்ஜின் இறக்குவாங்க, வலை பின்னுவாங்க. எல்லாருக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும், பேசுவாங்க. வருமானம் இல்லாத மாசம்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கிட்டு பேசுங்க. ஜூன் 15 ஒட்டி படகெல்லாம் மறுபடி கிளம்பற பரபரப்பு வேற லெவல்.

கேட்டுட்டு எடுங்க

இதுதான் எனக்குக் கஷ்டமா இருந்த பாடம். எக்ஸ்போஷர் ஒரு வாரத்துல வந்துடுச்சு, இது வர்றதுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

முதல் தடவை சித்தி முன்னாடி போய் நின்னு "சாரி ஆன்ட்டி"ன்னேன். பக்கத்துல இருந்த நாலு பேரும் சிரிச்சுட்டாங்க. "இன்னாப்பா ஆன்ட்டி? சித்தின்னு கூப்பிடு. உக்காரு." கேமராவை வெளியே எடுக்கல. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பதான் பார்த்தேன், அவங்க ஒரு கூடையைக் கையில எடுக்காமலே எத்தனை கிலோ வரும்னு சொல்றாங்க. செவுளைத் தூக்கிப் பார்த்து விலையைக் குறைக்கிறாங்க. கணக்கு எல்லாம் வாயிலதான், நோட்டே கிடையாது. நான் எடுத்த படத்துல இதுல ஒண்ணு கூட இல்ல. நான் எடுத்தது ஒரு ஏழை அம்மா. எதிர்ல உட்கார்ந்திருந்தது ஒரு வியாபாரி.

வடசென்னைன்னாலே நம்ம மனசுல ஏற்கெனவே ஒரு படம் ஓடுது. சினிமாவுல பார்த்த கத்தி, குடிசை, அழுக்கு. நாம அங்க போய் அந்தப் படத்துக்குப் பொருந்தறதை மட்டும் தேடி எடுத்துட்டு வர்றோம். எண்ணூர் பக்கம் போறவங்களும் புகைபோக்கியையும் சாம்பலையும் எடுத்துட்டு வந்துடறாங்க. அது பொய் இல்ல. கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கிறதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினதும் நடந்த விஷயம், எடுக்க வேண்டிய விஷயம். ஆனா அந்த ஆத்துல இறங்கி இறால் பிடிக்கிறவங்க முகம் எத்தனை படத்துல இருக்கு?

இதை எப்படிச் சரியா பண்றதுன்னு தெரியணும்னா, எம். பழனி குமார் எடுத்த படங்களைப் பாருங்க. மதுரைக்காரர். அவரோட அம்மா மீன் வித்துப் பிள்ளைகளை வளர்த்தவங்க. அம்மாவையும் அவங்க வேலையையும் அவர் தொடர்ந்து படம் எடுத்திருக்கார். மனிதக் கழிவை மனிதர் அள்ளற கொடுமையைப் பத்தி திவ்யபாரதி இயக்கின 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு (2017) ஒளிப்பதிவு பண்ணவர். பாரிங்கிற இணையதளத்துல வேலை பார்க்கிறார். 2022ல முதல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான். வடசென்னைப் பிள்ளைகளுக்கு போட்டோகிராஃபியும் சொல்லிக் கொடுத்திருக்கார். அவர் படத்துல கஷ்டம் இருக்கும், ஆனா அதுல இருக்கிற ஆள் தன் வேலையில கெட்டிக்காரரா தெரிவார். அவர் அவங்களோட எவ்வளவு நாள் இருந்திருக்கார்னு படமே சொல்லும்.

நம்மால அவ்வளவு நாள் இருக்க முடியாது, சரி. டிராவல் போற இடத்துல ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதுக்கு என் வழி இது.

முதல்ல ஏதாவது வாங்குங்க. கால் கிலோ நெத்திலியா இருந்தாலும் சரி. பேரம் பேசும்போதே பேச்சு ஆரம்பிச்சிடும். அப்புறம் "அக்கா, நீங்க மீன் வெட்டறதை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேளுங்க. எதை எடுக்கப் போறீங்கன்னு சொல்லிக் கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. வேண்டாம்னா வேண்டாம், சிரிச்சுட்டு நகருங்க. சரின்னதும் விறைப்பா போஸ் கொடுப்பாங்க. அதையும் ஒண்ணு எடுங்க, அது அவங்களுக்கு. திரையில காட்டுங்க. அதுக்கப்புறம் அவங்க வேலைக்குத் திரும்புவாங்க பாருங்க, அப்ப எடுக்கிறதுதான் உங்க படம். சின்னப் பிள்ளைங்கன்னா பெரியவங்ககிட்ட கேட்காம எடுக்காதீங்க, நெட்ல போடாதீங்க. ட்ரோனை வீட்டுலயே விட்டுடுங்க. பக்கத்துலயே பெரிய துறைமுகம் இருக்கு, தேவையில்லாத வம்பு.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்

340 படத்தையும் போடாதீங்க. எட்டு போதும். நான் தேடறது இந்த அஞ்சு வகை: தூரத்துலேருந்து இடம் முழுக்கத் தெரியற ஒண்ணு, வேலை நடக்கிறது தெரியற ரெண்டு, முகம் ரெண்டு, கை அல்லது கருவி ஒண்ணு, யாரும் எதிர்பார்க்காத சின்ன விவரம் ரெண்டு. கடைசியா சொன்னதுக்கு உதாரணம், தராசு மேல காய வச்சிருக்கிற செருப்பு. ஒரே மாதிரி நாலு சூரிய உதயம் இருந்தா மூணைத் தூக்கிடுங்க, மனசைக் கல்லாக்கிக்கோங்க.

எடிட்ல மூணே வேலை. கோணலா இருக்கிற அடிவானத்தை நேராக்கறது, முகத்துல வெளிச்சத்தைச் சரி பண்றது, ஐஸ் வெள்ளையா தெரியற வரைக்கும் கலரைச் சரி பண்றது. ஐஸ் வெள்ளையா இருந்தா மத்த கலர் எல்லாம் தானா வழிக்கு வரும். சாச்சுரேஷனை ஏத்தினா சங்கரா மீன் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆயிடும்.

கேப்ஷன்ல தத்துவம் வேண்டாம். 'காசிமேடு, காலை 5:50, வஞ்சிரம் ஏலம்' இது போதும். படத்துல என்ன நடக்குதுன்னு சொல்ல முடியலன்னா, எடுக்கும்போது நமக்கே அது தெரியலன்னு அர்த்தம். திரும்பப் போய் கேட்டுட்டு வரலாம்.

கடைசியா, பிரிண்ட். ஒரு சின்ன பிரிண்ட் ஒரு டீ, ஒரு சமோசா காசுக்குள்ள முடிஞ்சிடும். எடுத்தவங்களுக்குக் கொண்டு போய் கொடுங்க. திரும்பிப் போக முடியாத ஊர்னா நம்பர் வாங்கி வாட்ஸப்ல அனுப்புங்க. "அனுப்பறேன்"னு சொல்லிட்டு அனுப்பாம விடறதுதான் நம்ம ஆட்கள் அதிகமா பண்ற தப்பு. நானும் பண்ணியிருக்கேன்.

சித்திக்கு ரெண்டாவது பிரிண்ட் கொடுத்தது போன டிசம்பர்ல. பிளஸ் 1 வச்சு எடுத்தது. வலது கையில ஒரு வவ்வால் மீனைத் தூக்கிப் பிடிச்சு, வாங்க வந்தவர்கிட்ட ஏதோ சொல்றாங்க. வாய் பாதி திறந்திருக்கு, கண்ணு ரெண்டும் சிரிக்குது. ரொம்ப நேரம் பார்த்தாங்க. புடவையில கையைத் துடைச்சுட்டு மறுபடி வாங்கிப் பார்த்தாங்க.

"நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு அந்த ஆளு நானூறு ரூவாய்க்குக் கேட்டான். குடுக்கலையே நான்."

அது கேப்ஷனா போடலாமான்னு கேட்டேன். போட்டுக்கோன்னாங்க.